காவலுக்கு வைத்த கல்

யாரோ ஒரு புண்ணியவான் அருவியைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டுப் போனான். அன்று பிடித்தது விஜயகலாவுக்குக் கேடு.

அதுவரைக்கும் கலவானைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் அப்படி ஓர் அருவி இருப்பது தோட்டத்து ஆட்களுக்கும் அட்டைகளுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது லீவு நாள் வந்தால் போதும், வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். அருவிக்குப் போக ஓடைக்கரையோரமாக ஒழுங்கான பாதை இருக்கிறது. என்ன, கொஞ்சம் சுற்று. நடப்பதற்கென்றே பெட்ரோல் செலவழித்து வந்தவர்களுக்கு அந்தச் சுற்றை மட்டும் நடக்க முடியாது. குறுக்கே விஜயகலாவின் காணிக்குள் புகுந்து, அவளுடைய தேயிலைக் கன்றுகளை மிதித்துக்கொண்டுதான் ஏறுவார்கள்.

காணி என்றால் உறுதிப்பத்திரம் எழுதின சொந்தக் காணி இல்லை. காடேறிப் போன மலையைத் தோட்ட நிர்வாகம் துண்டு போட்டு, குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தது. கன்று நட்டு வளர்த்து, கொழுந்தைத் தோட்டத்துக்கே கொடுக்க வேண்டும். அவளும் புருஷன் முத்துவீரனும் கல் பொறுக்கி, குழி வெட்டி, மண் ஓடாமல் இருக்க மானாப்புல்லை அறுத்துப் பரப்பி நட்ட கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. அடுத்த மாதம் தோட்டத்துத் துரை வந்து பார்ப்பார். கன்றுகள் நின்றால் காணி அவர்களோடு இருக்கும். வெற்றுக்குழி அதிகமாக இருந்தால் வேறு ஆளுக்குப் போய்விடும். விவரம் தெரிந்த நாள் முதல் தோட்டத்து மலையில் கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவளுக்கு, அந்தத் துண்டு நிலம் என்றால் உயிர்.

அவள் சும்மா இருக்கவில்லை. முள் வெட்டி வேலி கட்டினாள், ஒதுக்கிவிட்டுப் போனார்கள். 'பாதை இல்லை' என்று சிங்களத்தில் எழுதிப் பலகை வைத்தாள். அதைப் பிளந்து தேநீர் வைத்துக் குடித்திருந்தார்கள். கத்திப் பார்த்தாள்; "ஆன்ட்டி, ஒரு செல்ஃபி எடுப்போமா?" என்றார்கள். தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னால், "உங்க காணி, நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்கள். பொறுப்பு வரும்போது மட்டும் காணி அவளுடையதாகிவிடுகிறது!

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தோட்டத்தில் தேயிலைச் செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் மலைமுகப்பில் ஒரு கல்லை நட்டு, மஞ்சளும் குங்குமமும் பூசி, தேங்காய் உடைத்துக் கவ்வாத்துச் சாமி கும்பிடுவார்கள். அந்த இடத்தை அப்புறம் யாரும் மிதிக்க மாட்டார்கள். சண்டியன்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றித்தான் போவான். மனுஷி சொன்னால் கேட்காதவன் சாமி சொன்னால் கேட்பான் அல்லவா?

ஓடையிலிருந்து நீளமான கல் ஒன்றைத் தூக்கி வந்து குறுக்குவழி தொடங்குகிற இடத்தில் நட்டாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், சிவப்புத் துணி சுற்றினாள்.

"சாமியோட வெளையாடாத புள்ள," என்றான் முத்துவீரன்.

"வெளையாடலங்க. காவலுக்கு வைக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, குங்குமம் வைத்த கை தானாகக் கூப்பிக்கொண்டது. பழக்கம் விடுமா? 'என் கன்னுகள காப்பாத்து' என்று வேண்டிக்கொண்டுதான் திரும்பினாள்.

முதல் வாரம் அருமையாக வேலை செய்தது. வந்தவர்கள் கல்லைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஓடைக்கரைப் பாதைக்குத் திரும்பினார்கள். விஜயகலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வேலி, பலகை, ஆபீசு எல்லாம் சேர்ந்து செய்யாததை ஓடைக்கல் செய்துவிட்டதே!

அந்தத் தெம்பில்தான், பௌர்ணமிப் போயாவோடு சேர்ந்து வந்த நீண்ட லீவுக்கு, தங்கை மகளின் சடங்குக்கென்று இரண்டு பேரும் யட்டியாந்தோட்டைக்குப் போனார்கள். லீவின் கடைசி நாள் காலையில் திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கினால், ரோட்டோரம் முழுக்க வேன். விஜயகலா பையை முத்துவீரனிடம் தள்ளிவிட்டு மேலே ஓடினாள்.

கல்லுக்கு மேலே, இரண்டு மரங்களுக்கு நடுவில், காட்டுக்கொடி ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கொடி முழுக்க இலைக்கொத்துகள், துணி காயப்போட்டதுபோல வரிசையாக. சில வாடியிருந்தன. சில இப்போதுதான் ஒடித்தவை, பால்பச்சையாக இருந்தன. எல்லாம் தேயிலை.

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. இவ்வளவு தேயிலைக் கொப்பு எங்கிருந்து வந்தது என்றுதான் நினைத்தாள். அப்புறம் காணியைப் பார்த்தாள். பாதையை ஒட்டிய நிரைகளில் கன்று என்று சொல்ல எதுவும் இல்லை. வெறும் குச்சிகள் நின்றன. சில இடத்தில் வேரோடு வந்து குழி வாயைத் திறந்து கிடந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கே, வந்தாச்சா?" என்று சிங்களத்தில் கேட்டபடி நந்தசிறி வந்தான். கீழ் ஊர்க்காரன், அருவிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டிப் போகிறவன், நல்லவன். முகம் நிறையச் சிரிப்பு. "நல்ல வேலை செய்தீங்க அக்கே. காட்டுவாசலில் தெய்யோ இல்லாமல் இவ்வளவு நாள் இருந்ததுதான் தப்பு. இப்போ ஒருவரும் சும்மா ஏறுவதில்லை. கொத்து ஒடித்துக் கட்டி, காவல் கேட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் கால் வைக்கிறார்கள். நான்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்."

கொத்து கட்டுவது! காட்டுக்குள் போகிற ஊர்க்காரர்கள் ஓர் இலைக்கொத்தை ஒடித்துக் கிளையில் தொங்கவிட்டு, தெய்யோவிடம், அவர்களுடைய சாமியிடம், காவல் கேட்பதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். நந்தசிறியின் அப்பா கட்டியதையே பார்த்திருக்கிறாள். கல்லைத் தூக்கி வந்த அன்று அது அவள் புத்தியில் ஏறவே இல்லை. அவளுக்குத் தெரிந்த சாமி சுற்றிப் போகச் சொல்லும் சாமி. அவர்களுக்குத் தெரிந்ததோ, கொத்து வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற தெய்யோ. கைக்கு எட்டுகிற உயரத்தில் கொத்துக்கு அவள்தானே பயிர் வைத்திருந்தாள்!

எழுந்தாள். கல்லைக் கட்டிப் பிடித்து ஆட்டினாள்.

"இது சாமி இல்ல! ஓடையில கெடந்த கல்லு! உங்கள வரவிடாம பண்ணத்தான் நட்டேன்!" தமிழில் கத்தினாள், சிங்களத்திலும் கத்தினாள். "அது என் கன்னு! என் கன்ன கொன்னுட்டீங்களே!"

நந்தசிறியின் சிரிப்பு செத்துவிட்டது. அவன் காணியைத் திரும்பிப் பார்த்தான், முதல் தடவை பார்ப்பவன்போல. கொத்துக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் புதிதாக வந்த ஒரு வேன் கூட்டம் நின்றிருந்தது. அதில் தொப்பி போட்ட ஒருவர் தன் ஆட்களிடம், "யாரோ நட்டு வைத்த தேயிலை போல. வாங்க, கரைப்பாதையில் போவோம்," என்று சொன்னது விஜயகலாவின் காதில் விழுந்தது. கூட்டம் பின்வாங்கியது. மிச்சக் கன்றாவது பிழைத்தது என்று அவளுக்கு மூச்சு வந்தது.

"கல்லுலருந்து கைய எடு!"

முத்துவீரன். பையோடு வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ நட்டப்போ அது கல்லு. இத்தன பேரு கும்புட்டதுக்குப் பெறகும் கல்லா? வாய்கூசாம சாமி இல்லன்னு கத்துறியே! துரை கன்னு பாக்க வர்ற நேரத்துல இது தேவையா நமக்கு? விழுந்து மன்னிப்புக் கேளு புள்ள!"

அவள் கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் குங்குமம். கோபம் இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு இந்தக் கல்லிடம் வேண்டிக்கொண்டவளும் அவள்தானே? கேட்கும்போது சாமி, கேட்டது கிடைக்காவிட்டால் ஓடைக்கல்லா?

கொத்தோடு நின்றவர்களில் வெள்ளவத்தையிலிருந்து வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். கண் கலங்கியிருந்தாள். "எங்களுக்குத் தெரியாது அக்கா, மன்னிச்சுக்கோங்க," என்று தன் கையிலிருந்த கொத்தை விஜயகலாவின் கையில் வைத்தாள். "இத நீங்களே கட்டுங்க. உங்க தோட்டம் நல்லா வரணும்னு கேளுங்க."

இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக, நல்ல கொத்து. விஜயகலாவுக்கு மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை. புருஷன் பார்க்கிறான், ஊர் பார்க்கிறது, சாமியும் பார்க்கிறது என்பது மட்டும் தெரிந்தது. எட்டிக் கொடியில் கட்டினாள். கண்ணை மூடிக் கை கூப்பினாள். 'தெரியாம பேசிட்டேன். காணிய மட்டும் எங்கிட்டருந்து எடுத்துறாத.'

கண்ணைத் திறந்தபோது கரைப்பாதைக்குத் திரும்பிய கூட்டம் அங்கே போகவில்லை. காணிக்காரியே கொத்துக் கட்டிக் கும்பிடுவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பயபக்தியோடு, இதுவரை யாரும் தொடாத மேல்நிரைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். நந்தசிறி, "வேண்டாம், வேண்டாம்," என்று ஓடினான். அவன் குரல் யாருக்கும் எட்டவில்லை.

தொப்பிக்காரர் ஒரு கன்றின் தலையை ஒடித்து எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"இந்த அளவு போதுமா, அக்கே?" என்று கேட்டார்.