ஏலத்தில் போன கோல்

1

இந்தக் கதை ஓர் அதட்டலில் பிறந்தது. எங்கள் ரயில்வே அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் எலினெட், போன மாதம் டீக்கடை வாசலில் என்னை மடக்கினாள்.

"ஈரம் உறிஞ்சற மெஷின் வாங்கணும். காசு கேட்டு ஒரு துண்டறிக்கை எழுதிக் குடு. நீதான் பெரிய எழுத்தாளனாச்சே."

"எவ்வளவு நீளம் வேணும்?"

"படிக்கறவன் பர்ஸ எடுக்கறவரைக்கும்."

வேல்ஸ் மழையைப் பற்றி நான் தனியாகச் சொல்லப்போவதில்லை. பாட்டன் காலத்து மர ரயில்பெட்டி ஒன்று எங்கள் கொட்டகையில் நிற்கிறது. கூரைக்கடியில் நின்றும் அது ஊறிக்கொண்டேயிருக்கிறது. கதவுப் பலகைகள் கையோடு வருகின்றன. இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது. துண்டறிக்கைக்கு இவ்வளவு போதும்தான். எனக்குத்தான் போதவில்லை.

2

முதல் தொடக்கம்: "மலைகளுக்கு நடுவே, காலம் மறந்துபோன ஒரு தண்டவாளம்..."

(பொய். வாராவாரம் சனிக்கிழமை தொண்டர்கள் வந்து எண்ணெய் போட்டு, புல் பிடுங்கி, சண்டையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். மறக்க விட்டால்தானே?)

இரண்டாம் தொடக்கம்: "சக்கர நாற்காலியில் இருந்த தன் கணவனை அந்தப் பெட்டியில் ஒருமுறையாவது ஏற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று எலினெட்..."

இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"எங்க ஆளு நேத்துகூட மலையேறிட்டு வந்தாருய்யா. அவரு கால எதுக்கு ஒடிச்ச?"

"கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்னுதான்..."

"உருக்கம் வேணும்னா உன் கால ஒடிச்சுக்கோ."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

சரி, நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். எங்களுடையது ஒற்றைப் பாதை. அதில் ரயில் ஓட்ட ஒரு கோல் வேண்டும். முழ நீளக் கட்டை, முனையில் பித்தளை. அது கையில் இல்லாமல் டிரைவர் ஓரடிகூட நகர்த்தமாட்டார். ஒரு பாதைக்கு ஒரே கோல்தான். தொலைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். இரண்டு கோல் இருந்தால் இரண்டு ரயில் எதிரெதிரே வரலாம். அப்புறம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூடிப்போன பாதைகளின் கோல்கள் எங்கள் அருங்காட்சியகத்தில் நிறைய உண்டு. செத்த கோலும் உயிருள்ள கோலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஓடுகிற பொருளையே காட்சிக்கும் வைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற தலைவலி இது.

போன வருஷம் மெஷினுக்காக ஓர் ஏலம் வைத்தோம்; வேண்டிய காசு சேரவில்லை. செத்த கோல்களை எலினெட் துடைத்து மேஜையில் அடுக்கினாள். மத்தியான இடைவேளை, ரயில் இல்லை. சிக்னல்காரர் எம்ரிஸ் உயிருள்ள கோலோடு டீ குடிக்க வந்தார். "பித்தளையா இது? பிச்சைக்காரன் தட்டு மாதிரி இருக்கு, குடு" என்று எலினெட் பிடுங்கித் துடைத்தாள். துடைத்து, பழக்க தோஷத்தில், அதே மேஜையில் வைத்துவிட்டாள்.

எம்ரிஸ் பார்த்துவிட்டார், எடுத்துக்கொண்டார், எல்லாரும் சிரித்தோம். நடந்தது அவ்வளவே.

கதையில் எம்ரிஸ் பார்க்கவில்லை; நான் அதை விற்றுவிட்டேன்.

4

இனி கதை. எலினெட் மெஷின் விலையை எட்டிவிட மாட்டோமா என்ற தவிப்போடு கடைசி வரிசையில் நிற்கிறாள். ஏலம் விடுபவர் செல்வின், ஊர்க் கசாப்புக்கடைக்காரர், வாய்க்குப் பூட்டில்லாதவர்.

"அடுத்தது இந்தக் கோல்! பாருங்க, மத்ததெல்லாம் மின்னுதுன்னா, இது மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்குது! யாரு கூட்டிட்டுப் போறீங்க?"

பர்மிங்ஹாமிலிருந்து வந்திருந்த ஹாடோ என்பவர் கையைத் தூக்கினார். இன்னொருவர் தூக்கினார். ஹாடோ மறுபடி. தொகை மளமளவென்று ஏறியது. சுத்தியல் விழுந்தபோது மெஷினுக்கு வேண்டியது சேர்ந்தாயிற்று. எலினெட் பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிக்கொண்டு அழுதாள். பெட்டி பிழைத்துவிட்டது.

வெளியே மூன்று மணி ரயில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. எம்ரிஸ் உள்ளே வந்தார்.

"எலினெட், கோல் எங்க?"

அவள் திரும்பி மேஜையைப் பார்த்தாள்.

5

(இங்கே இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்தேன். காரணம் ஹாடோ. முதல் பிரதியில் அவர் பணக்காரர், கஞ்சர், மூக்கு வேறு நீளம். "கெட்டவனுக்கு எதுக்கு மூக்க நீட்டற?" என்றாள் எலினெட். மூக்கைக் குறைத்தேன். அடுத்த பிரதியில் அவர் அப்பா ரயில்வேயில்... இல்லை, வேண்டாம். அந்தக் கோல் அவருக்குப் பிடித்திருந்தது, வாங்கினார். அவ்வளவுதான்.)

"எம்ரிஸ், அத வித்துட்டோம்."

"எத?"

"அதத்தான்."

எம்ரிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "கையவிட்டுக் குடுத்திருக்கக் கூடாது. என் புத்தியச் செருப்பாலதான் அடிக்கணும். ரயில் பூரா ஜனம் உட்கார்ந்திருக்கு தாயே."

"வாங்கினவரு எங்க?" என்றாள் எலினெட்.

"கார எடுக்கறாரு" என்றார் செல்வின்.

கோலைத் திரும்பக் கேட்டால் காசைத் திருப்பித் தர வேண்டும். தந்தால் மெஷின் இல்லை, பெட்டி இந்தக் குளிரோடு சரி. சும்மா இருந்துவிட்டால்? ரயில் இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே அந்தக் கோலோடு ஓடாது. புதுக்கோல் ஒன்று செய்யலாம், பழையது எங்கோ ஒரு வரவேற்பறைச் சுவரில் தொங்கும், அதை யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் ஒரு பாதைக்கு இரண்டு கோல் இருக்கிறது என்று எலினெட்டுக்குத் தெரியும்.

ஓடினாள். கோட்டுப் போடவும் மறந்துவிட்டு, கொட்டுகிற மழையில் ஓடினாள்.

6

முடிவுகள்.

அ. ஹாடோ கோலைக் கொடுத்து, காசையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். (இதை வாசித்ததும் எலினெட் கேட்டாள்: "இப்படியெல்லாம் ஒருத்தன் இருக்கானா?" "இருக்கக்கூடாதா?" என்றேன். அவள் டீ போடப் போய்விட்டாள்.)

ஆ. கோல் திரும்புகிறது, காசும் திரும்புகிறது. ரயில் கிளம்புகிறது. எலினெட் ஈரப் பலகையைத் தடவிக்கொண்டு... (இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

இ. ஹாடோ கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார். (எம்ரிஸ் இதைக் கிழித்துப் போட்டார்.)

எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஹாடோவையே காரிலிருந்து இறக்கிவிட்டேன். அந்த இருக்கையில் இப்போது உங்களை உட்கார வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு தூரம் வாசித்து வந்தவர் நல்ல மனுஷராகத்தான் இருப்பீர்கள் என்ற நம்பிக்கைதான்.

கோல் உங்கள் மடியில் இருக்கிறது. நீங்கள் அதை முறையாக விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. எலினெட் கண்ணாடியைத் தட்டுகிறாள், இறக்குகிறீர்கள். மூச்சு வாங்குகிறது அவளுக்கு.

"மன்னிச்சுக்கோங்க. தப்பு எங்களோடது. அது இல்லாம எங்க ரயில் போகாது. உங்க காசத் திருப்பித் தந்துடறேன், முழுசா." அப்புறம், அடக்க முடியாமல்: "அந்தப் பெட்டிக்கு வேற வழி பார்த்துக்கறேன்."

மூன்று மணி ரயில் இன்னும் நிற்கிறது. சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள், அவள் நனைந்துகொண்டிருக்கிறாள்.