கவிச்சி படாத கத்தி

காசிநாதனைப் பொறாமைக்காரன் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவான். பக்கத்துக் காட்டுக்காரன் கரும்பு தன் கரும்பைவிடத் தடித்து நின்றாலும், "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன்தான். ஆனால் அந்த அடுத்தவன் சகலையாக இருந்துவிட்டால் கதை வேறு. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரில் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கும்போது மற்றவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரியவில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இறங்கியவன் பெயர் பகலவன். காசிநாதனின் மனைவி கோகிலவாணிக்கு ஒரே தங்கை செந்தமிழ்ச்செல்வி, அவளுடைய புருஷன். அங்கே கப்பல் பட்டறையில் வேலை. வந்தவன் மாமியார் சாலம்மாளுக்குப் போர்வை, கோகிலவாணிக்கு வாயில் புடவை, காசிநாதனுக்கு வாசனை சோப்பும் கைலியும் என்று வீடு நிறைய இறக்கினான். இது எதுவும் காசிநாதனைச் சுடவில்லை. அவனைச் சுட்டது பகலவனின் கால்சட்டைப் பையில் இருந்த ஒரு கத்தி.

சிவப்புக் கைப்பிடி போட்ட சுவிஸ் கத்தி. மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும். பிரித்தால் பெரிய அலகு, சின்ன அலகு, கத்திரி, ரம்பம், திருப்புளி, முள்வாங்கி என்று வந்துகொண்டே இருக்கும். கடைசியில் பல்குத்தி வேறு.

கத்திக்கா ஒரு மனுஷன் வெந்துபோவான் என்று கேட்கலாம். அந்த வீட்டில் கத்தி என்றால் அதுவரைக்கும் காசிநாதன்தான். அவன் இடுப்பு மடியில் ஒரு பழைய மடக்குக் கத்தி எப்போதும் இருக்கும். மலையிலிருந்து பலாப்பழம் வந்தாலும் சரி, உர மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும் என்றாலும் சரி, "மருமவனே, கத்தி இருக்குதா?" என்று சாலம்மாள் குரல் கொடுப்பாள். அவன் உடனே எடுக்க மாட்டான். மெதுவாக மடியை அவிழ்த்து, கத்தியைப் பிரித்து, விரலால் கூர் பார்த்து, அப்புறம்தான் கிட்டே போவான். மூத்த மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதையெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

பகலவன் வந்த மறுநாளே சாலம்மாள் காலில் கருவேல முள் ஏறியது. காசிநாதன் மடியை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே பகலவன் முள்வாங்கியை உருவி முள்ளைப் பிடுங்கிவிட்டான். "வலியே தெரியலடி யம்மா" என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பான். ராத்திரி சோறு போடும்போது கோகிலவாணி, "அதுல கத்திரிகூட கீதுங்க. துணிய வெட்டிப் பாத்தேன், எவ்ளோ நேரா போவுது தெரியுமா" என்றாள். காசிநாதன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டான்.

அடுத்த வாரமே கள்ளக்குறிச்சிக்குப் போனான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக்கண்ணு என்பவர் மெட்ராஸிலிருந்து ஃபாரின் சாமான் கொண்டுவந்து விற்பார். சகலையின் கத்தியைப் பற்றி அவரிடம் சொன்னான்.

"சேப்பு கத்தியா? என்னாண்டயும் கீது, தரட்டா?"

"அதே வேணாங்க. அத வுட ஒசத்தியா இன்னா இருக்குது?"

சின்னக்கண்ணு ஆளை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு தோல் உறையைக் கொண்டுவந்தார். மான்கொம்புக் கைப்பிடி, இரண்டு முனையிலும் பித்தளை, ஒரே ஒரு அலகு. ஜெர்மன் உருக்கு என்றார். பிரித்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம். "பூட்டிக்கிச்சி பாத்தியா? முதுகுல இருக்குற இந்த நாக்க அமுக்குனாத்தான் மடங்கும். சேப்பு கத்திக்கு இந்தப் பூட்டு கெடையாது. பழம் நறுக்கலாம், நூலு வெட்டலாம். அழுத்தி அறுத்தேன்னா மடங்கி உன் வெரலத்தான் கடிக்கும்."

காசிநாதன் அலகை ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை. ஒரு கண்ணை மூடி விளிம்பைப் பார்த்தான்; நேராக ஓடியது. பழைய பேப்பர் ஒன்றை அந்தரத்தில் பிடித்து இழுத்தான். சத்தமே இல்லாமல் இரண்டாகப் போயிற்று. கைப்பிடி கனம் அவன் கைக்கென்றே செய்ததுபோல் இருந்தது. கோகிலவாணி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த தையல் மெஷின் அந்த நிமிஷத்தில் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

வாங்கியாயிற்று. யாராவது கேட்க வேண்டுமே! மாமியார் வீட்டுக்கு அவன் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு போனான். அங்கே எது அறுக்க வேண்டியிருந்தாலும் "பகலவனக் கூப்புடு" என்றார்கள். தானாக எடுத்து நீட்ட ரோஷம் விடவில்லை. முதல் வெட்டு நாலு பேர் பார்க்க விழ வேண்டும் என்று வைராக்கியமாக அதை மடியிலேயே வைத்திருந்தான். நைனார்பாளையத்தில் தன் வீட்டில் வெங்காயம் நறுக்கக்கூட எடுக்கவில்லை.

கடைசியில் அந்த நாள் வந்தது. பகலவனின் லீவு முடியப்போகிறது. போவதற்குள் அவன் குழந்தைக்குக் காது குத்திவிட வேண்டும். புரட்டாசியில் யாராவது காது குத்துவார்களா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். "பிளேனு மாசம் பாத்துகினா போவுது?" என்று சாலம்மாள் ஒரே போடாகப் போட்டாள். கரியாலூர் மலைப்பாதை ஏறும் இடத்தில் ஓடையோரம் இருக்கும் அவர்கள் குலதெய்வத்துக்குக் கிடா வேண்டாம், பொங்கல் வைத்து எலுமிச்சம்பழம் அறுத்துப் படைத்தால் போதும் என்று முடிவாயிற்று.

"என் கத்தி கீது அத்தே" என்றான் பகலவன்.

"வேணாஞ் சாமி. அதுல மீனு அறுத்தது எனுக்குத் தெரியும். ஆத்தாளுக்குப் பழம் அறுக்குற கத்தியில கவிச்சி படக்கூடாது, தோலு படக்கூடாது. எங்க மாமியா காலத்துலருந்து அப்பிடித்தான்."

காசிநாதன் மடியை அவிழ்த்தான். "இது புதுசு அத்தே. இன்னும் ஒண்ணும் அறுக்கல." டொக் என்று பூட்டியது. மான்கொம்பையும் பித்தளையையும் பார்த்துப் பகலவனே வாய்விட்டு, "ஏண்ணே, இது எங்க புடிச்சீங்க! செம கத்தி" என்றான். சாலம்மாள், "மூத்தவருதான் அறுக்கணும், அதான் மொற" என்றாள். காசிநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோயிலுக்குப் போகும் மாட்டுவண்டியும் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று, மாடுகளை நுகத்தடியில் பிணைக்கும் பூட்டாங்கயிறுகளைக் கழற்றிவிட்டு, சலங்கை வைத்துத் தைத்த புதுத் தோல்வார் போட்டான். எல்லாம் சகலை பார்க்கத்தான்.

வண்டி எதற்கு என்றால், அந்த வாரம் பஸ்ஸே கிடையாது. எண்பத்தேழாம் வருஷம். இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களையெல்லாம் வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் அப்படி ஒரு மரத்தின் மேல் இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"காதுகுத்தா? போங்க பெரிம்மா, உங்கள யாரு நிறுத்தப்போறா. மரத்தத் தாண்ட முடியாது, ஓரமா எறக்கி ஏத்திகினு போங்க."

பெண்களும் குழந்தையும் இறங்கி நடந்தார்கள். காசிநாதன் வண்டியைப் பள்ளத்தில் இறக்கினான். மழை பெய்து ஊறிய மண். இடது சக்கரம் பொதக்கென்று உள்ளே போனது. வண்டி சாய்ந்ததில் இடத்து மாடு வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. வலத்து மாடு மேட்டில் நிற்க, நுகத்தடி அந்தப் பக்கம் உயர்ந்துகொண்டது. விழுந்த மாடு தோல்வாரில் கழுத்து மாட்டித் தொங்கியது. பழைய கயிறாக இருந்தால் இழுத்து அவிழ்த்திருக்கலாம். புதுத் தோல், புது வளையம். கனத்தில் இறுகிப்போய் அசையவில்லை. மாட்டுக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது.

இளவட்டங்கள் கோடாலியோடு ஓடிவந்தார்கள். கோடாலியைப் போட்டால் வாரோடு கழுத்தும் போகும். "கத்தி! யாராச்சும் கத்தி குடுங்கய்யா!" என்று ஒருவன் கத்தினான்.

காசிநாதனின் கை மடிக்குத்தான் போனது. கன்றாக வாங்கி வளர்த்த மாடு அது. விரல் மான்கொம்பைத் தொட்டுவிட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. தோலில் பட்டால் தீர்ந்தது. அப்புறம் இது சாமிக்கு ஆகாது. பழம் அறுக்க வேறு யாரோ, வேறு எதையோ எடுப்பார்கள். இத்தனை நாள் காத்திருந்ததெல்லாம் இந்தச் சேற்றிலா போக வேண்டும்? அவன் கையை வெளியே எடுத்தான், வெறுங்கையாக.

"பகலவா, உன் கத்திய எடு!" என்று கத்தினான்.

பகலவன் சட்டையோடு சேற்றில் குதித்தான். சிவப்புக் கத்தியின் பெரிய அலகை வாருக்கும் கழுத்துக்கும் நடுவில் செருகி அழுத்தி அறுத்தான். பாதி அறுந்தபோது மாடு உதறியது. பூட்டில்லாத அலகு படாரென்று மடங்கி அவன் விரல்களைக் கடித்தது. ரத்தம் கைப்பிடியின் சிவப்போடு சேர்ந்து வழிந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, கத்தியை இடது கைக்கு மாற்றி, ரம்பத்தைப் பல்லாலேயே பிரித்து இழுத்தான். வார் விட்டது. மாடு சரிந்து விழுந்து, ஒரு பெரிய மூச்சு வாங்கியது.

சின்னக்கண்ணு சொன்னது காசிநாதனுக்கு அப்போது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. தெரிந்துதான் அந்தக் கத்தியைக் கேட்டோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான்.

கோகிலவாணி முந்தானையைக் கிழித்துத் தங்கை புருஷன் கையில் கட்டினாள். கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "உங்க கத்தி எங்க இருந்துச்சி?" என்று கேட்டாள்.

"மடியில."

அவள் கட்டின் முடிச்சை இறுக்கினாள். பகலவன்தான் சிரித்துக்கொண்டே, "அது சாமி கத்தி அண்ணி. அண்ணே எடுத்திருந்தாலும் நான் வுட்டிருக்க மாட்டேன்" என்றான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னான். அதுதான் காசிநாதனுக்குப் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

இளவட்டங்கள் வண்டியைத் தூக்கி மேலே விட்டார்கள். வாருக்குப் பதில் கயிறு கட்டிக்கொண்டு, மாட்டை மெல்ல நடக்கவிட்டு, கோயில் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. பொங்கல் பொங்கியது. குழந்தை வீறிட்டுக் காது குத்திக்கொண்டது. பூசாரி எலுமிச்சம்பழத்தைக் காசிநாதன் கையில் கொடுத்தார்.

டொக். அலகு பூட்டியது. எத்தனையோ நாளாக அவன் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த இடம் இது. பழத்தை வைத்து அழுத்தினான். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, இரண்டு பாதியும் தானாகப் பிரிந்து மல்லாந்தன. அப்படி ஒரு வெட்டை அந்தக் கோயிலில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். நிமிர்ந்து பார்த்தான்.

யாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாரும் வேப்பமரத்தடியில் பகலவனைச் சுற்றி நின்றார்கள். "கையத் தூக்கி வச்சிக்க சாமி, ரத்தம் எறங்காது" என்று சாலம்மாள் அவன் கையைத் தன் தோள்மேல் தாங்கிப் பிடித்திருந்தாள். வழியெல்லாம் அவள் அந்தக் கையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். காசிநாதனுக்கு அந்தக் கட்டின் மேல், அதில் ஊறிய ரத்தத்தின் மேல் பொறாமையாக இருந்தது. அது தன் கையில் இருந்திருக்க வேண்டிய கட்டு. இல்லை, தன் கத்தியை எடுத்திருந்தால் கட்டே தேவைப்பட்டிருக்காது.

கட்டு நனைந்துவிட்டது. கோகிலவாணி வேறு துணி எடுத்து நீளமாகக் கிழிக்கப் பார்த்தாள். விளிம்பு கெட்டியாக இருந்தது, கிழிபடவில்லை. "கத்தி குடுங்க" என்றாள்.

காசிநாதன் ஓடினான். சாற்றின் ஈரம்கூடக் காயாத அலகை வேட்டியில் துடைத்து, மான்கொம்புப் பக்கத்தை அவளுக்கு நீட்டினான்.

அவள் அதைப் பார்த்தாள். அவன் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். "அது சாமி கத்தி. அது அங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தங்கை பக்கம் கையை நீட்டினாள். செந்தமிழ்ச்செல்வி சேறும் ரத்தமும் காய்ந்திருந்த சிவப்புக் கத்தியை எடுத்து அக்கா கையில் வைத்தாள்.

கத்திரி துணியில் நேராகப் போயிற்று. காசிநாதன் முதுகு நாக்கை அமுக்கித் தன் கத்தியை மடக்கினான்.