கயிறு வளைந்த இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஓர் ஏரிக்கரைப் பூங்காவில் நடக்கப் போயிருந்தேன். கரை அங்கே உயரமான மண்மேடு. அலை அடியில் அரித்துக்கொண்டே இருக்க, மேலே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே இருக்கிறது. அதனால் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்டைகளை நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்தக் கயிற்றுக்கு அப்பால், ஏரியைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. யாரும் உட்காரக் கூடாத இடத்தில் பெஞ்சு எதற்கு? வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை ஏரி மிகவும் அமைதியாக..."

வேண்டாம். எல்லா ஏரிகளும் முதல் வரியில் அமைதியாகத்தான் இருக்கின்றன.

இரண்டாவது: "அவள் விழுந்தபோது பக்கத்தில் யாரும்..."

சே! இன்னும் அறிமுகமே செய்யவில்லை, அதற்குள் தள்ளிவிடுவதா? [ஒரு சாவு விழுந்தால் கதை கனக்கும் என்று எனக்குள் ஒரு ஆசை உண்டு. அதை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். போகாமல் எட்டி எட்டிப் பார்க்கிறது.]

3

சரி, ஒழுங்காக ஆரம்பிக்கிறேன். பூங்காக் காவலர் ஒருவர். கரை சரியச் சரியக் கட்டைகளைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டு, கயிற்றை இழுத்துக் கட்டுவது அவர் வேலை. விளிம்பில் போய் நின்று செல்ஃபி எடுப்பவர்களைக் கண்டால் தொண்டை கிழியக் கத்துவார். "கயித்துக்கு இந்தப் பக்கம் வாங்க! நீங்க நிக்கிறது தரையில்ல, வெறும் புல்லு! கீழ மண்ணே கிடையாது!" நடக்க வருகிறவர்கள் அவருக்குக் 'கயிறு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் கத்தாத ஒரே ஆள் அவருடைய அண்ணி.

அண்ணி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அண்ணன் தச்சர், இப்போது இல்லை. அந்தப் பெஞ்சு அண்ணன் கையால் செய்து, பின்கால்களைக் கான்கிரீட்டில் பதித்துப் போட்டது. போட்டபோது விளிம்பு எங்கேயோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி வந்து அதில் உட்காருவார். காவலர் பிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. அண்ணன் போன பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவே மிச்சமிருந்த சொந்தமே அந்த டீதான்.

ஆகவே மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கயிற்றைப் பின்னால் இழுத்துக் கட்டும் ஒவ்வொரு முறையும், பெஞ்சு இருந்த இடத்தில் மட்டும் அதை ஏரிப் பக்கமாக வளைத்து, பெஞ்சு உள்ளே இருக்கும்படி கட்டினார்.

[இந்த இடத்தில் எனக்கு ஆள்மேல் சந்தேகம் வந்து பேனாவை மூடிவிட்டேன். அத்தனை பேரையும் விரட்டுகிறவர் இப்படி ஒரு கிறுக்குத்தனம் செய்வாரா? என் மனைவியிடம் கேட்டேன். "அண்ணிய எந்தக் கொழுந்தன் அதட்டுவான்? சும்மா எழுதுங்க" என்றாள்.]

4

பெருமழை ஓய்ந்த ஒரு ஞாயிறு. அண்ணி இன்னும் வரவில்லை. பெஞ்சில் யாரோ ஒரு கணவனும் மனைவியும். மனைவி மடியில் கைக்குழந்தை. காவலர் கத்த வாயெடுத்தார். கணவன் திரும்பிப் பார்த்து, "கயித்துக்கு உள்ளதான சார் இருக்கோம்?" என்றான்.

காவலர் கயிற்றைப் பார்த்தார். அவன் சொன்னதில் என்ன தப்பு? அவர் கட்டிய கயிற்றைத்தானே நம்பி உட்கார்ந்திருக்கிறான்?

"மெதுவா எழுந்து வாங்க. ஒவ்வொருத்தரா. கயிறு தப்பா கட்டியிருக்கு. நான்தான் கட்டினேன்."

வந்துவிட்டார்கள். [வாசலில் நின்ற ஆசை இந்த இடத்தில் ஒரு காலை உள்ளே வைத்தது. கதவைச் சாத்தினேன். குழந்தை பத்திரம்.]

அப்போதே கட்டைகளைப் பிடுங்கிக் கயிற்றை நேராக இழுத்துக் கட்டினார். பெஞ்சு வெளியே போய்விட்டது.

5

அண்ணி வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "உங்க அண்ணன் போட்டதுன்னு தெரிஞ்சுமா வெளிய தள்ளிட்ட?"

காவலர் அவரைக் கரையின் எதிர்முனைக்கு அழைத்துப் போனார். பாதை அங்கே பாறைமேல் போகிறது, பயமில்லை. அங்கிருந்து பார்த்தால் மண்மேடு பக்கவாட்டில் தெரியும். பைனாகுலரைக் கொடுத்தார்.

பெஞ்சின் முன்கால்களுக்குக் கீழே மண் இல்லை. கட்டிலை விட்டு வெளியே தொங்கும் மெத்தைபோலப் புல்தரை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் வேர்கள் ஆடின.

அண்ணி வெகுநேரம் பார்த்தார். "இதுமேலயா இத்தன நாளா நான் உக்காந்திருந்தேன்?"

"ஆமா அண்ணி."

"ஏன் தம்பி ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா... அப்புறம் நீங்க இங்க வரவே மாட்டீங்களோன்னு பயம்."

அண்ணிக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது. "ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டுற பிள்ளைங்கள நான் என்ன பாடு படுத்துறேன்னு தெரியுமா? பாசம் இருக்கிறதாலதான் திட்டுறேன். ஊருல எல்லாரையும் திட்டுற, என்ன மட்டும் ஏன் விட்ட? எங்க, இப்பத் திட்டு!"

"ஐயோ, அண்ணி..."

"திட்டுன்னா திட்டு!"

காவலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்: "ஏம்மா! கயித்துக்கு இந்தப் பக்கம் வாங்க!"

ஏரியில் நின்ற நாரைகள் பறந்தன. அண்ணி சிரித்த சிரிப்பில் பைனாகுலர் கைநழுவப் பார்த்தது.

6

இனி முடிவு. பழைய பெஞ்சை என்ன செய்வது?

முடிவு ஒன்று: அடுத்த மழையில் அது சரிந்து விழ, இருவரும் கைகோத்து...

இல்லை. விழுவதை நான் எழுத மாட்டேன். எடுக்கப் போகவும் யாரையும் விட மாட்டேன். அது அங்கேயே ஏரியைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

முடிவு இரண்டு: அண்ணனின் பட்டறையில் மிச்சமிருந்த பலகையில் புதுப் பெஞ்சு. இதற்குக் கான்கிரீட் கிடையாது. இரண்டு பக்கமும் கைப்பிடி. கயிறு பின்னால் வரும்போதெல்லாம் பெஞ்சும் கூடவே வரும். ஒருவரால் தூக்க முடியாத கனம். வேண்டுமென்றே அப்படிச் செய்யச் சொன்னது அண்ணி. ஒரு முனையைக் காவலர் பிடித்தால், மறுமுனைக்கு அண்ணி வந்துதானே ஆக வேண்டும்?

இதைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதையும் நான் முடிக்கவில்லை. இதோ, இருவரும் பெஞ்சைத் தூக்கிவிட்டார்கள், பாதையில் நிற்கிறார்கள். எங்கே இறக்கி வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏரி தெரிகிற இடமாகப் பாருங்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கமாகப் பாருங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், கை வலிக்கிறது என்கிறார் அண்ணி.