மடிச்சு வச்ச கழுத்து

என் வீட்டுக்காரரோட அக்காவை நான் அண்ணின்னு கூப்பிடுவேன். தைக்கிறதுல படு கெட்டிக்காரி. ஆனா "நல்லா இருக்கு"ன்னு ஒரு வார்த்தை அந்த வாயில இருந்து வந்து யாரும் கேட்டதில்ல. சமையல் பிரமாதமா அமைஞ்சா, "உப்பு சரியாத்தான் இருக்கு"ம்பாங்க. அதுக்கு மேல பாராட்டு கிடையாது.

அவங்க குழந்தைங்க துணிக்குன்னு ஒரு கடை பிடிச்சாங்க. கண்ணாடிக் கதவுக்கு ஸ்டிக்கர் வேணும்னு பேச்சு வந்தப்ப, "நானே கம்ப்யூட்டர்ல வரைஞ்சு தரேன்"னு சொல்லிட்டேன். வீடியோ பார்த்து அப்பத்தான் கத்துக்க ஆரம்பிச்சிருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"உருப்படியா வந்தா கடையில உனக்கும் ஒரு நாற்காலி. இல்லன்னா வேடிக்கை பார்க்க வா"ன்னாங்க அண்ணி.

எனக்கு அந்த நாற்காலி வேணும். பகல் முழுக்க வீட்டுச் சுவரையே பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருந்தேன்.

ஒட்டகச்சிவிங்கி வரையலாம்னு முடிவு பண்ணேன். வட்டமும் கட்டமும்தான் எனக்கு வரும். நல்லவேளையா அந்த மிருகத்துல பெருசா வேற எதுவும் இல்ல. உடம்புக்குக் குட்டியா ஒரு நீள்வட்டம், காலுக்கு நாலு குச்சிக் கட்டம், கழுத்துக்கு ஒரு நெட்டைக் கட்டம். மூலைகளை உருட்டி விட்டு, எல்லாத்தையும் சேர்த்து 'ஒண்ணாக்கு'ன்னு அமுக்கினா நடுவுல இருந்த கோடெல்லாம் மறைஞ்சு ஒரே உருவமாயிடுச்சு. கழுத்து நெடுக வட்ட வட்டமா புள்ளி வச்சேன்.

முகத்துக்குப் பேனாக் கருவி. அது ஒரு பிசாசு. புள்ளி வச்சு இழுத்தா கோடு வளையும். கொஞ்சம் கூட இழுத்தா கோணிக்கும். முதல்ல வந்த முகம், என் வீட்டுக்காரருக்குப் பல்வலி வந்தப்ப இருந்த மாதிரியே இருந்துச்சு. அவர்கிட்டயே காட்டினேன். "யாரோ தெரிஞ்சவங்க மாதிரி இருக்கே"ன்னார். புள்ளியைக் குறைச்சாத்தான் வளைவு வழவழன்னு வரும்னு அப்புறம்தான் பிடிபட்டுச்சு.

அண்ணி வந்து பார்த்தாங்க. "கழுத்து என்ன, போய்கிட்டே இருக்கு? தட்டு அளவு வட்டத்துக்குள்ள முகம் மட்டும் போதும். மத்ததை வெட்டிடு."

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. "ஏன் அண்ணி, கவுன் தைக்கும்போது மிச்சத் துணியை நீங்க வெட்டிடுவீங்களா?"

"எவளாவது வெட்டுவாளா? பிள்ளை வளருமே. உள்ள மடிச்சுத் தைச்சா அடுத்த வருஷம் பிரிச்சு விடலாம்."

"நானும் அதையேதான் பண்ணப் போறேன்."

முகத்து மேல ஒரு வட்டம் போட்டு, ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு, வெளிய இருக்கிறதை மறைக்கிற 'மாஸ்க்'கை அமுக்கினேன். கழுத்து, உடம்பு, கால் எல்லாம் போன இடம் தெரியல. வட்டத்தை நகர்த்தினா அது அது அங்கங்க பத்திரமா இருக்கு. அண்ணி குனிஞ்சு பார்த்து, "வட்டம் சரியாத்தான் இருக்கு"ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல. அப்படியே ஸ்டிக்கர் கடைக்கு அனுப்பிட்டேன்.

கடை திறக்கிற அன்னைக்கு நாங்க போறதுக்குள்ள ஸ்டிக்கர்காரர் ஒட்டி முடிச்சிருந்தார். கதவுல என் தோள் உயரத்துல முகம். அதுக்குக் கீழ கழுத்து, கழுத்து, கழுத்து. தரைக்குப் பக்கத்துல ஒரு குட்டி உடம்பும் நாலு காலும்.

"என்னங்க இது?"ன்னேன்.

"வெட்டுற மெஷினுக்கு மறைச்சதெல்லாம் தெரியாதும்மா. கோடு இருந்தா கத்தி போயிடும்"னார் சாவகாசமா. "கழுத்து வந்துகிட்டே இருந்துச்சு, நானும் ஒட்டிகிட்டே வந்தேன்."

வீடியோவுல பேசின அந்த மகராசன் இதைச் சொல்லவே இல்ல. சொல்லியிருப்பான், நான்தான் ஓட்டி விட்டிருப்பேன்.

அண்ணி இடுப்புல கை வச்சு மேலயும் கீழயும் பார்த்தாங்க. "முகத்தை விட்டுட்டு மத்ததைச் சுரண்டிடுங்க."

அவ்வளவுதான், நாற்காலி போச்சு. ஸ்டிக்கர்காரர் கத்தியோட குனிஞ்சார்.

அப்ப தெருவுல அம்மா கையைப் பிடிச்சுகிட்டுப் போன ஒரு வாண்டு, கையை உதறிட்டு ஓடி வந்து, அந்தக் கழுத்துல முதுகை ஒட்டி விறைப்பா நின்னுச்சு. "நான் எந்தப் புள்ளி வரைக்கும் இருக்கேன்?"

"வாடி, நேரமாச்சு"ன்னாங்க அம்மாக்காரி. வாண்டு அசையல.

பிள்ளை விறைப்பா நின்னா அண்ணி கை சும்மா இருக்காது. தோள்ல தொங்கின டேப் தானா இறங்கிடுச்சு. அளந்துட்டு, "மூணாவது புள்ளி"ன்னாங்க. அப்படியே அம்மாக்காரி பக்கம் திரும்பி, "முழங்கால் தெரியுது பாருங்க, கவுன் குட்டையாயிடுச்சு." அந்தம்மா குனிஞ்சு பார்த்தாங்க. அப்புறம் உள்ள வந்தாங்க.

அடுத்து அண்ணன் தம்பியா ரெண்டு பேர், யாருக்கு உசரமான புள்ளின்னு சண்டை போட்டுகிட்டே வந்தாங்க. பின்னாலயே அவங்க அப்பா. ஸ்டிக்கர்காரர் பாவம், "சுரண்டவா, வேண்டாமா?"ன்னு கத்தியோட நின்னுகிட்டே இருந்தார்.

"கத்தியை உள்ள வைங்க. பிள்ளைங்க நிக்கிற இடம்"னாங்க அண்ணி.

எனக்குச் சந்தோஷத்துல சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. ஆனா நாற்காலியைப் பத்தி மூச்சு இல்ல. நானும் கேட்கல. நாள் முழுக்க நின்னுகிட்டே துணி மடிச்சேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு ஒரு நெட்டைப் பொண்ணு வந்து நின்னா. அவ தலை ஒட்டகச்சிவிங்கியோட காதையே தாண்டிடுச்சு. எல்லாரும் சிரிச்சோம், அண்ணியைத் தவிர. என்னைப் பார்த்து, "கழுத்தை இன்னும் கொஞ்சம் நீளமா வரைஞ்சிருக்கலாம்ல?"ன்னாங்க.

சொல்லிகிட்டே தையல் மெஷினுக்குப் பக்கத்துல கிடந்த துணி மூட்டையை இழுத்துத் தள்ளினாங்க. அதுக்கு அடியில ஒரு புது நாற்காலி, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காம இருந்துச்சு.

"இது எப்ப வாங்கினது?"

"நீ வரைஞ்சு தரேன்னு சொன்ன அன்னைக்கு. சும்மா நிக்காம உறையைப் பிரி."