திருவிதாங்கூரில் ஓர் ஓட்டை

அந்தச் சனிக்கிழமை மதியம் சேலையூரில் தோத்தாத்ரி சார் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்:

தோத்தாத்ரி சார். ரயில்வே அலுவலகத்தில் வேலை. கண்புரை அறுவை முடிந்து விடுப்பில் இருந்தார்.

மாடியில் குடியிருக்கும் என் அக்கா பியூலா.

அவள் கணவர் டெனிஸ் அத்தான். சொந்த ஊர் நாகர்கோவில்.

நான், எபி. அக்கா வீட்டில் நாலு மாதமாகச் சும்மா இருப்பவன்.

மேசைமேல் மதராஸ் மாகாணம் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தை ஆயிரம் அட்டைத் துண்டுகளாக வெட்டி, திரும்பச் சேர்க்கச் சொல்லும் விளையாட்டு. சாரின் மகள் ரோஹிணி லண்டனிலிருந்து அனுப்பியது. பொடி எழுத்துகளைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சார் என்னைக் கூப்பிட்டார். மூன்று வாரம் தினமும் காலையில் போனேன். பிரிட்டிஷ் ஜில்லாக்கள் ரோஸ், சமஸ்தானங்கள் மஞ்சள். அன்று எல்லாம் சேர்ந்துவிட்டது. மஞ்சளில், திருவிதாங்கூரின் தெற்கு மூலையில் மட்டும் ஓர் ஓட்டை.

முதல் நாளே துண்டுகளை எண்ணியிருந்தேன். சாப்பாட்டுத் தட்டுகளில் ஐம்பது ஐம்பதாக, இருபது குவியல். அது தொழிற்சாலைப் பழக்கம். மறைமலை நகரில் ஆறு வருடம் இரவு ஷிஃப்டில் கார்களுக்குப் போகும் ரப்பர் புஷ்களை விளக்கடியில் பார்த்து, எண்ணி, நல்லது கெட்டது பிரித்தேன். ஒரு நாள் விடிகாலையில் விரிசல் விட்ட புஷ்கள் ஒரு லாட் முழுவதையும் நல்லது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எல்லாம் திரும்பி வந்தது. யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை. நான்தான் போவதை நிறுத்தினேன். என் கண் எதைச் சரி என்று சொன்னாலும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பம்மலில் பட்டறை வைத்திருக்கும் சுந்தர்சிங் அதே வேலைக்குக் கூப்பிட்டிருந்தார், பகலில். அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஓட்டையைப் பார்த்ததும் வரவில்லை என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன்.

"டேய், நைட் ஷிஃப்ட்ல எண்ணின மாதிரி எண்ணியிருப்ப," என்றாள் அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. எப்போதும் முதலில் சிரிக்கிற அத்தான்கூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் மகளுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்.

"அப்பா, அதை போட்டோ எடுத்து அனுப்புங்கோ. கம்பெனிக்கு எழுதினா வேற பீஸ் அனுப்புவா."

"வேண்டாம்மா. வந்தப்போ ஆயிரம் இருந்தது. எபி எண்ணினார்."

"அவர் தப்பா எண்ணியிருக்கலாமேப்பா."

"இல்லை. ரெண்டு தடவை எண்ணினார். ஆயிரம்னா ஆயிரம்தான். ஆத்துக்குள்ளதான் எங்கேயாவது இருக்கும்."

போனை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். சோபாவுக்கு அடியில் பார்க்கக் குனிந்தார். ஒரு மாதம் குனியவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

"சார், சார், குனியாதீங்க!" அத்தான் பாய்ந்து அவர் தோளைப் பிடித்தார். "எடுத்தது நான்தான்."

"நீங்களா?"

"எங்க ஊரு துண்டு சார். கடைசியா நானே வைக்கணும்னு புதன்கிழமை சட்டைப் பைல போட்டேன். இப்பம் பாத்தா சட்டையையே காணல."

"எந்தச் சட்டை?" என்றாள் அக்கா.

"நீலக் கட்டம்."

"அது நான் துவைக்கப் போடவே இல்லையே."

"ஒரு நாள்தான போட்டேன். ஐயோ, இப்பம்தான் ஞாபகம் வருது, அப்படியே அயர்ன் வண்டில குடுத்துட்டேன்."

"துவைக்காமலா? சீ! ஊரு பேரைக் கெடுக்க இது ஒண்ணு போதும்." அக்கா செருப்பை மாட்டினாள். "உங்க நாகர்கோவிலை இந்நேரம் தேச்சுத் தள்ளியிருப்பாரு."

அவள் திரும்பி வரப் பத்து நிமிடம் ஆனது. அதுவரை அத்தான் என்னைப் பார்க்கவில்லை. "மக்கா, அவ உன்னைக் கேலி பண்ணப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல," என்றார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் கோபம் வரவில்லை.

தெருமுனை அயர்ன்காரர் சட்டைப் பையைத் துழாவாமல் இஸ்திரிப் பெட்டியை வைப்பதில்லையாம். துண்டை எடுத்து, அறுந்து விழும் பட்டன்களைச் சேர்த்து வைக்கும் டப்பாவில் போட்டிருந்தார். அக்கா கொண்டுவந்தபோது ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்தது.

"நீயே வை," என்று அத்தான் என்னிடம் நீட்டினார்.

"உங்க ஊரு அத்தான். நீங்களே வைங்க."

வைத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். உட்கார்ந்துகொண்டது. ஆயிரம்.

"அதான் சொன்னேனே," என்று சொல்லிவிட்டு சார் காபி போடப் போனார்.

துண்டு கிடைத்த பிறகு யார் வேண்டுமானாலும் என் எண்ணிக்கை சரி என்று சொல்லலாம். சார் கிடைப்பதற்கு முன்பே சொன்னார். அதற்காகத் தரையில் குனியவும் போனார். அந்த நாலு மாதத்தில் எனக்கு வேறு யாரும் இவ்வளவு செய்யவில்லை. பிரார்த்தனை செய்தவர்கள் உண்டு, அறிவுரை சொன்னவர்கள் உண்டு. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

அக்காவும் அத்தானும் சட்டையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே மாடிக்குப் போனார்கள். நான் அங்கிருந்தே சுந்தர்சிங்குக்குப் போன் செய்தேன்.

"திங்கக்கிழமை வர்றேன் சார்."

"ஒன்பது மணி. லேட் ஆக்காதீங்க."

காபி டம்ளரை வாங்கிக்கொண்டு சாரைப் பார்த்தேன். "ரொம்ப தேங்க்ஸ் சார்."

"எதுக்கு? எண்ணினது நீங்கதானே?"

அவர் விளக்கம் கேட்கிறவர் இல்லை. காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

"பாத்துப் போங்கோ. நான் கொஞ்சம் படுத்துக்கறேன்," என்றார். நான் வாசலைத் தாண்டியதும் பின்னால் கதவைச் சாத்தினார். உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.