தகட்டின் கீழ்ப்பாதி

அந்த ஆய்வகத்தில் வெட்டுமுகத்தின் கீழ்ப்பாதியைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. லேசர் கதிர் எஃகுத் தகட்டை அறுத்துச் செல்கையில், விளிம்பில் சீப்பால் இழுத்தாற்போல வரிகள் விழும். மேற்பாதியில் அவை ஒழுங்கானவை. பேராசிரியர் உருவாக்கிய கணித மாதிரி அவற்றின் இடைவெளியை அச்சுப் பிசகாமல் சொல்லிவிடும். கீழே, உருகிய உலோகம் வழிந்து உறையும் இடத்தில், வரிகள் தாறுமாறாகிவிடும். அங்கே மாதிரியின் பாச்சா பலிக்காது. ஆகவே படங்கள் பாதியாக நறுக்கப்பட்டே கட்டுரைகளுக்குள் போயின. அந்தத் திருப்பணியைச் செய்துவந்த மூத்த ஆய்வாளருக்குக் ‘கத்திரி அண்ணன்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அங்கே ஆய்வு மாணவியான அவளுக்கு இது ஆறாவது ஆண்டு. இன்றைய இறுதி அமர்வு நல்லபடியாக முடிந்தால் முனைவர் பட்டத்துக்குப் பேராசிரியர் கையெழுத்திடுவார். ஒரே சமன்பாட்டைத் திருகித் திருகிக் கண் பூத்துப்போயிருந்தது. கீழ்ப்பாதிக்கென்று அவள் எழுதிப் பார்த்த எதுவும் தேறவில்லை.

“என்னம்மா, பல்லு புடுங்கப் போறவ மாதிரி உக்காந்திருக்க?” என்றார் கத்திரி அண்ணன்.

“தூக்கமா வருதுண்ணே.”

“பட்டத்த வாங்கிட்டுத் தூங்கு. அப்புறம் யாரு உன்ன எழுப்பப் போறா?”

அமர்வில் அவள் நறுக்கிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி முடித்தாள். விருந்தினராக வந்திருந்த தொழிற்சாலைப் பொறியாளர் கை உயர்த்தினார்.

“பாரந்தூக்குற கொக்கிக்கு நாங்க தகடு வெட்டறோம். சொரசொரப்பு இருந்தா அங்கதான் விரிசல் விடும். விளிம்பு முழுக்க இவ்வளவு வழவழன்னு இருக்கும்னா, தேய்க்கிற வேலைய விட்டுடலாமா?”

“தாராளமா,” என்றார் பேராசிரியர், திரும்பிக்கூடப் பாராமல். “அடுத்தது போம்மா.”

அடுத்தது நன்றி சொல்லும் படம்தான். விசைமேல் வைத்த விரலை அவள் எடுத்தாள். சும்மா இருப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அது அவளிடம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. வேறொரு கோப்பைத் திறந்தாள். திரையில் விளிம்பு மேலிருந்து அடிவரை விரிந்தது.

“ஏய், அது வேணாம்மா!” என்று பல்லைக் கடித்தார் கத்திரி அண்ணன்.

“தேய்க்கிறத விட்டுடாதீங்க சார்,” என்று பொறியாளரைப் பார்த்து, அறை முழுவதும் கேட்கச் சொன்னாள். “இதுதான் முழுப் படம். கீழ்ப்பாதியில எங்க கணக்கு செல்லாது. ஒருநாளும் செல்லல.”