இரண்டாம் பேஸில் நின்றவன்

ரொறன்ரோவின் 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நின்ற ஒரு காலையில், இரத்தினவேல் ஸ்ரியறிங்கை விட்டுவிட்டுக் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

"நாளைக்கு வேலை முடிய நேரே ஸ்ரேடியத்துக்குப் போறம். நீயும் வாறாய்."

"ஏன் அண்ணை?" என்றான் சீமோன்.

"அம்பயர்மார் ஸ்ரைக்கில நிக்கிறாங்களெல்லே. எங்கட யூனியனிட்டை ஆக்கள் கேட்டிருக்கினம். போன மாரி எங்களோட நிக்க ஆர் ஆரோ வந்தவை. நேர்ஸ்மார் வந்தவை, பஸ் ஓடுற ஆக்கள் வந்தவை. இப்ப எங்கட முறை. உனக்குத்தான் பேஸ்போல் தெரியும். எனக்கு அதில ஒரு மண்ணும் தெரியாது. ஏன் ஓடுறாங்கள், ஏன் நிக்கிறாங்களெண்டு சொல்லித்தர ஒரு ஆள் வேணும்."

"நாளைக்கு எனக்கொரு அலுவல் கிடக்கு."

என்ன அலுவல் என்று அவர் கேட்டிருந்தால் சீமோன் சொல்லியிருப்பான். அதற்குள் முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. இரத்தினவேல் "சரி, அலுவலைப் பார்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

இருவரும் அஜின்கோர்ட்டில் அடுத்தடுத்த தெருவில் இருப்பவர்கள். பிறம்ரனில் ஒரே பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறவர்கள். எட்டு வருடமாக இரத்தினவேலின் காரில்தான் சீமோன் வேலைக்குப் போய்வருகிறான். முன் இருக்கை அவனுடையது. அவனுடைய உயரத்துக்கு ஏற்றபடி அது பின்னால் தள்ளப்பட்டு அப்படியே கிடக்கும். இரத்தினவேலின் மகள் அட்சயாகூட அதைத் தொடுவதில்லை.

போன மாரியில் அவர்களுடைய வேலைநிறுத்தம் நடந்தது. பண்டகசாலை வாசலில், பீப்பாய்க்குள் பலகை எரிய, பனிக்குள் நின்றார்கள். ஒவ்வொரு காலையும் கறுப்புக் கண்ணாடி போட்ட பஸ்ஸொன்று அவர்களுக்குப் பதிலாக வேலைசெய்யும் ஆட்களை ஏற்றிக்கொண்டு உள்ளே போகும். சீமோன் அதன் பக்கத்தில் விரல் வீங்கும்வரை குத்தியிருக்கிறான். உள்ளே யார் இருந்தார்கள் என்று அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. தெரிந்துகொள்ள அவன் விரும்பியதும் இல்லை.

பேஸ்போல் ஆட்டங்களை நடத்துகிற லீக்கிலிருந்து சீமோனுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது ஒரு சனிக்கிழமை. அவன் ஸ்காபரோவில் ஒரு பூங்காவில், பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நடுவராக நின்று, இரண்டு தகப்பன்மாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்து காருக்குள் இருந்தான். இருபது கோடையாக இப்படித்தான். நடுவர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள், தற்காலிகமாக ஆட்கள் தேவை, வருவீர்களா என்று கேட்டது அந்தக் குரல். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் சீமோன் வாயைத் திறந்தான். ஓம் என்று வந்துவிட்டது.

அந்த மைதானத்தை அவன் எப்போதும் மேலேயிருந்து, மலிவான இருக்கைகளிலிருந்துதான் பார்த்திருக்கிறான். விளக்குகள் நாலு மூலையிலும் எரிவதால் அங்கே நிற்கிற ஒவ்வொருவருக்கும் நாலு நிழல்கள் இருந்தன. மெலிந்த, பூப்போன்ற நிழல்கள். தன்னுடைய நாலு நிழல்களையும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று அவன் நினைத்துக்கொள்வான். வெளியே சொல்லக்கூடிய ஆசையில்லை அது.

அன்றிரவு அவன் மனைவி அன்ரனெற் அவனுடைய கறுப்புக் காற்சட்டையை மினுக்கிக்கொண்டிருந்தாள்.

"இரத்தினவேல் அண்ணைக்குச் சொன்னனீங்களோ?"

"கேட்டாச் சொல்லுவன்."

"அவர் கேக்காட்டி?"

அவன் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டான்.

"அம்பயர் புத்தி," என்று சொல்லி அவள் காற்சட்டையை அவன் தோளில் எறிந்தாள்.

மறுநாள் மாலை நாலு பதில் நடுவர்களையும் ஒரு கோட்டலுக்குப் பின்னாலிருந்து வான் வண்டியொன்றில் ஏற்றினார்கள். கண்ணாடி கறுப்பு. ஸ்ரேடியத்தின் பின்வாசலில் வான் மெதுவாகியதும் சத்தம் தொடங்கியது. அந்த இரைச்சலை அவன் வெளியே நின்று கேட்டிருக்கிறான். உள்ளே அது வேறு மாதிரி இருந்தது. தண்ணீர்த் தாங்கிக்குள் தலையை விட்டதுபோல. பக்கத்தில் இருந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டான்.

சீமோன் இருந்த பக்கத்து யன்னல் கண்ணாடிக்கு நேரே இரத்தினவேல் வந்து நின்றார். யூனியன் தொப்பி, கையில் சுலோகம் எழுதிய மட்டை. மூன்று தரம் ஓங்கிக் குத்திவிட்டு, உள்ளே யார் என்று பார்க்கக் கண்ணுக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முகங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. சீமோன் மூச்சுவிடவில்லை. இரத்தினவேலோ கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். மீசையில் இருந்த வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். வான் நகர்ந்தது.

ஆட்டம் கடைசிக் கட்டம் வரைக்கும் அவனுக்கு ஒரு குழப்பமும் தரவில்லை. ஓடுகிறவர்கள் மிதித்துப் போகவேண்டிய வெள்ளைத் திண்டுகளில் ஒன்றான இரண்டாம் பேஸுக்குப் பக்கத்தில் நின்றான். நிழல்களைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. முழங்கால் நொந்தது, காலையில் தூக்கிய பெட்டிகளின் பாரம் இன்னும் முதுகில் இருந்தது.

கடைசியில் இரு பக்கமும் சமம். ரொறன்ரோ ஆட்டக்காரன் ஒருவன் முதல் பேஸில். அவனுடைய அணியில் இன்னொருவன் அடித்த பந்து வலப்பக்க மூலைக்குப் போனது. முதல் பேஸில் நின்றவன் ஓடிவந்து இரண்டாம் பேஸைச் சுற்றித் திரும்பினான். அவனுடைய சப்பாத்து பேஸைத் தொடவில்லை. நாலு விரல் தூரத்தில் மண்ணில் பதிந்து, தூசி கிளம்பியது. சீமோன் அந்தத் தூசியைப் பார்த்தான். ஓடியவன் மூன்றாம் பேஸையும் சுற்றி, வீடு என்கிற கடைசி பேஸைச் சேர்ந்தான். வெற்றி. சனம் எழுந்து கத்தியது.

இந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. ஓடுகிறவன் பேஸைத் தொடாமல் போனால், நடுவர் அதைக் கண்டாலும் வாய் திறக்கக்கூடாது. எதிரணி வந்து கேட்கவேண்டும். கேட்டால்தான் அவுட். அவர்கள் மைதானத்தை விட்டுப் போகும்வரை கேட்கலாம். சொந்த ஊரான குருநகரில் கிரிக்கெட் விளையாடிய காலத்திலும் நடுவரிடம் கேட்டால்தான் தீர்ப்பு. அதனால் இந்தச் சட்டம் அவனுக்குப் புதிதாக இருந்ததில்லை.

அவன் பேஸுக்குப் பக்கத்தில் நின்றான். எதிரணிக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக நடந்தார்கள். ஒருவன் அவனுக்குக் கிட்டவாகப் போனான். கேள், என்று சீமோன் மனத்துக்குள் சொன்னான். அவன் தரையில் துப்பிவிட்டுப் போனான். மற்ற மூன்று நடுவர்களும் போய்விட்டார்கள். கடைசி ஆளும் படியிறங்கி மறையும்வரை சீமோன் அங்கேயே நின்றான்.

அடுத்த காலை இரத்தினவேலின் கார் வழக்கம்போல வந்தது. முன் இருக்கையில் அந்த மட்டை கிடந்தது. "நடுவர்களுக்கு நியாயம்" என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து. அவர் அதை எடுக்கவில்லை. சீமோன் பின்கதவைத் திறந்து, டாக்சியில் ஏறுகிறவன்போல ஏறினான்.

கார் விமானநிலையத்தைத் தாண்டியது.

"அட்சயா ரீவியில பாத்தவள்," என்றார் இரத்தினவேல், பாதையைப் பார்த்தபடி. "'அப்பா, சீமோன் அங்கிள்' எண்டாள். நான் இல்லையெண்டன். திருப்பிக் காட்டினாங்கள். இல்லையெண்டன். பிறகும் காட்டினாங்கள். உது அவனில்லையடி எண்டு பேசிப்போட்டன் பிள்ளையை."

சீமோன் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னைக் குருடன் எண்டுறாங்கள் ரீவியில."

"நான் பாத்தனான்."

"என்னத்தை?"

"அவன்ர கால் பேஸில படேல்லை."

"பிறகேன் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனி?"

"மற்றப் பக்கம் கேட்டாத்தான் அண்ணை சொல்லலாம். அதுதான் சட்டம்."

"ஓ. எல்லாரும் போனாப் பிறகும் தனிய நிண்டியே, அது உதுக்கோ? ஆராவது கேப்பாங்களெண்டு?"

"ஓம்."

"விசர் விளையாட்டு," என்றார் இரத்தினவேல். கொஞ்சத் தூரம் ஓட்டினார். "வானில எந்தப் பக்கம் இருந்தனி?"

"நீங்கள் குத்தின பக்கம்தான். மீசையைத் துடைச்சனீங்கள்."

பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் அவருடைய கண்கள் ஒரு கணம் இவனைப் பார்த்துவிட்டு விலகின. காது சிவந்திருந்தது.

"இண்டைக்கும் போறியோ?"

"களைப்பாக் கிடக்கு அண்ணை."

"நான் அதைக் கேக்கேல்லை."

இடப்பக்கம் ஒரு விமானம், இறங்க மனமில்லாததுபோல, வெகுநேரம் தாழப் பறந்தது.

"போகேல்லை," என்றான் சீமோன்.

மதியம் லீக்குக்குத் தொலைபேசி எடுத்தான். ஒரு விளக்கம் யோசித்து வைத்திருந்தான். "நோ ப்ராப்ளம், அஜக்ஸில் ஒரு ஆள் இருக்கிறார்" என்று சொல்லி அந்தக் குரல் வைத்துவிட்டது.

வேலை முடிந்ததும் இரத்தினவேல் காரை நேரே ஸ்ரேடியத்துக்கு விட்டார். சீமோன் பின்னால்தான் இருந்தான். இறங்கியபோது அவர் முன் இருக்கையிலிருந்த மட்டையை எடுத்து அவனுடைய கையில் திணித்தார்.

பின்வாசலில் நடுவர்கள் பதினைந்து பேர் நின்றார்கள். செம்பட்டைத் தாடியுள்ள ஒரு பெரிய ஆள் வந்து தண்ணீர்ப் போத்தல் கொடுத்து நன்றி சொன்னான். பிறகு சிரித்துக்கொண்டே, நேற்று இரண்டாம் பேஸில் நின்ற அந்தக் குருடனைப் பார்த்தீர்களா என்று கேட்டான்.

"அவன் பார்த்தவன்," என்றார் இரத்தினவேல், தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில். "ஒருத்தரும் கேக்கேல்லை."

தாடிக்காரனின் சிரிப்பு நின்றது. இரத்தினவேலைப் பார்த்தான். பிறகு சீமோனுடைய கறுப்புச் சப்பாத்தைப் பார்த்தான். பூங்காவில் நிற்கிற நடுவரும் மைதானத்தில் நிற்கிற நடுவரும் போடுகிற அதே சப்பாத்து.

"அப்படியென்றால் அவன் சரியாகத்தான் செய்திருக்கிறான்," என்று மெல்லச் சொன்னான். சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு மற்றவர்களிடம் போனான்.

வான் வந்தது. எல்லோரும் பாய்ந்தார்கள். குத்தும் சத்தம் எழுந்தது. சீமோன் முதல்நாள் தானிருந்த பக்கத்துக் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றான். கறுப்பில் தன்னுடைய முகம்தான் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கருமை. அதற்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், தனக்குப் பதிலாக வந்த அஜக்ஸ்காரன் மூச்சுவிடாமல் இருப்பான்.

"தட்டடா," என்றார் இரத்தினவேல் பின்னாலிருந்து.

சீமோன் கையைத் தூக்கினான். ஆள் நித்திரையாய் இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டுகிறவன்போல, விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டினான்.